ஒலொக்கோவின் தொப்பி: காகிதத்தில் பிறந்த ஒரு தலைமைப் பதவி

1929 டிசம்பர் முதல் வாரம். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தென்கிழக்கு நைஜீரியாவில் பெண்டே என்ற ஊரில் இருந்த மாவட்ட அலுவலகத்தைப் பெண்கள் சூழ்ந்து நின்றார்கள். மாவட்ட அதிகாரி கேப்டன் ஹில்லின் மதிப்பீட்டில் பத்தாயிரம் பேருக்கும் மேல். பக்கத்து ஊரான ஒலொக்கோவின் தலைவர் ஒகூகோவைச் சிறையில் அடைக்க வேண்டும் என்றார்கள். அவர் தலையில் இருந்த தொப்பியையும் கேட்டார்கள். அது அரசு அவருக்குக் கொடுத்த பதவிச் சின்னம். ஹில் அதை எடுத்துக் கூட்டத்துக்குள் வீசினார். வேட்டை நாய்களிடம் எறிந்த நரியின் உடல் என்ன ஆகுமோ அதுவே தொப்பிக்கும் ஆனது என்று பின்னர் பதிவுசெய்தார்.

அந்த அதிகாரியின் கண்ணுக்கு அது வெறியாட்டமாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தெரியவில்லை. தங்கள் ஊரை ஆள்பவரின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதை அந்தப் பெண்கள் துல்லியமாக அறிந்திருந்தார்கள். அவர் ஊரால் தலைவர் ஆனவர் என்றால் ஊர் கூடி விலக்கியிருக்கும். அரசு கொடுத்த ஒரு வாரண்டும் (நியமனத் தாள்) ஒரு தொப்பியும் அவரைத் தலைவர் ஆக்கியிருந்தன. அதனால் கொடுத்தவரிடமே போய், கொடுத்ததைத் திரும்ப வாங்கச் சொன்னார்கள்.

வரலாற்று நூல்களில் இந்த நிகழ்வு பெரும்பாலும் வரி எதிர்ப்புக் கிளர்ச்சியாகவே வருகிறது. வரி அதன் உடனடிக் காரணம், உண்மைதான். ஆனால் பெண்டே வட்டாரத்தின் முப்பது ஆண்டு நிர்வாக வரலாற்றை அடுக்கி வைத்துப் பார்த்தால், இது ஒரு பதவியின் மீது நடந்த வழக்கு என்றே தோன்றுகிறது.

வாரண்டுக்கு முன்

பெண்டே, அரோச்சுக்வு ஊரைச் சேர்ந்த அரோ வணிகர்களின் பெரிய சந்தை கூடிய ஊர். அடிமைகள், துணி, உப்பு, பிறகு செம்பனை எண்ணெய் என்று எல்லாம் அங்கே கைமாறின. சுற்றியிருந்த இக்போ இன மக்களின் ஊர்கள் எந்த அரசனுக்கும் கட்டுப்பட்டவை அல்ல. ஓனிச்சா, ஓகுட்டா, ந்ரி போன்ற சில இடங்களில் மன்னர் பட்டம் இருந்தது என்றாலும் பெண்டே பக்கத்தில் அந்த மரபு இல்லை. குலத்தின் மூத்தவர் ஓஃபோ என்ற புனிதக் கோலை வைத்திருப்பார். அது அவருக்கு முன்னோரின் பெயரால் பேசும் உரிமையைத் தந்தது, கட்டளையிடும் உரிமையைத் தரவில்லை. ஊர் விவகாரங்கள் ஆண்களின் பொதுக்கூட்டத்தில் பேசித் தீர்க்கப்பட்டன. ஒத்த வயதினரின் குழுக்கள் சாலை வெட்டுவது, சந்தையைக் காப்பது போன்ற வேலைகளைப் பார்த்தன. உள்ளூரில் தீராத வழக்குகள் அரோச்சுக்வுவில் இருந்த இபினி உக்பாபி என்ற தெய்வத்தின் குறிக்குப் போயின.

பெண்களுக்குத் தனி அமைப்புகள் இருந்தன. பிறந்த ஊர்ப் பெண்களின் கூட்டம் உமுவாடா. வாழ்க்கைப்பட்டு வந்த மனைவியருக்கு வேறு கூட்டம். சந்தை விதிகள், விலை, மாடு மேய்ந்து பயிர் அழிந்தால் இழப்பீடு, மனைவியை அடிக்கும் கணவன் என்று பலதையும் இந்தக் கூட்டங்கள் விசாரித்தன. அவர்கள் சொல்லுக்குப் பணியாத ஆணின் வீட்டு முற்றத்தில் எல்லோரும் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அவன் செய்த குற்றத்தைப் பாட்டாகக் கட்டிப் பாடி ஆடுவார்கள், உலக்கையால் சுவரை இடிப்பார்கள், குடிசை மீது சேற்றை அப்புவார்கள். அவன் மன்னிப்புக் கேட்டுத் தண்டம் கட்டும்வரை நகர மாட்டார்கள். அவர்களைத் தொடுவது எந்த ஆணுக்கும் இழுக்கு. அவன் தரப்பில் பேச வரும் ஆண்களும் அரிது. இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1929இல் நடந்தவற்றில் பெரும்பகுதி இதன் விரிவுதான்.

பிரிட்டிஷ் படை 1901 நவம்பரில் அரோச்சுக்வு மீது புறப்பட்டது. மறுமாதமே இபினி உக்பாபியின் தலத்தைத் தகர்த்தது. 1902 மார்ச்சுக்குள் படையெடுப்பு முடிந்தது. பெண்டே ஒரு மாவட்டத் தலைமையிடம் ஆனது. படை போன இடமெல்லாம் சுதேசி நீதிமன்றம் என்ற பெயரில் ஒரு கூரை எழும்பியது. அதற்கான சட்டம் 1900இலேயே தயாராக இருந்தது. நீதிமன்றத்தில் உட்கார உள்ளூர் ஆட்கள் தேவைப்பட்டார்கள். தலைவர் யார் என்று ஊர்களிடம் கேட்டால் விடை வராது, அப்படி ஒருவர் இல்லை. ஆகவே அதிகாரிகள் தாங்களாகவே தேர்ந்தெடுத்தார்கள். தேர்வானவர் கையில் ஒரு வாரண்டைக் கொடுத்தார்கள். இவர் இன்ன நீதிமன்றத்தின் உறுப்பினர் என்று சொல்லும் தாள் அது. ‘வாரண்ட் தலைவர்’ என்ற பெயர் இப்படி வந்தது.

யார் தேர்வானார்கள் என்பதில் ஒரே விதி இல்லை. சில ஊர்களில் உண்மையாகவே மதிப்புள்ள மூத்தவர்கள் இருந்தார்கள். சில ஊர்களில், வெள்ளையர் அழைத்துப் போகும் ஆள் திரும்பி வரமாட்டான் என்று பயந்து, இழந்தாலும் பரவாயில்லை என்று நினைத்த ஒருவரை முன்னே தள்ளினார்கள். படை வந்தபோது துணிந்து எதிரே போய்ப் பேசியவர், வழி காட்டியவர், வணிகத்தால் ஐரோப்பியரோடு பழகியவர் ஆகியோருக்கும் வாரண்ட் கிடைத்தது. எந்த வழியில் வந்திருந்தாலும், வாரண்ட் கைக்கு வந்த பிறகு அவர் பழைய ஊர்க்கூட்டத்துக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. பதவியைக் கொடுத்தவர் மாவட்ட அதிகாரி, பறிக்கக்கூடியவரும் அவரே.

பதவி என்னென்ன தந்தது

வாரண்ட் தலைவர்கள் முறை வைத்து நீதிமன்றத்தில் அமர்ந்தார்கள். அமர்வுக்குப் படி கிடைத்தது. வழக்குக் கட்டணம், அபராதம், சம்மன் என்று பணம் புழங்கியது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் எழுத்தர் ஒருவரே. பதிவேடு அவரிடம் இருந்ததால், தலைவர்கள் சொன்ன தீர்ப்பைவிட அவர் எழுதிய தீர்ப்புதான் நிலைத்தது. சீருடை அணிந்த நீதிமன்றச் சேவகர்கள் சம்மனோடு ஊர்களுக்குப் போனார்கள். அவர்கள் வந்துபோன வழியில் கோழியும் ஆடும் மிஞ்சவில்லை என்பது பல சாட்சியங்களில் வரும் முறையீடு.

சாலை வேலைக்கு ஆள் அனுப்பும் அதிகாரமும் தலைவர் கையில் இருந்தது. 1903இன் சாலை, ஆற்று வழிச் சட்டம் கூலி இல்லாமல் ஆட்களை அழைக்க இடம் கொடுத்தது. யாரை அனுப்புவது, யாரை விட்டுவிடுவது என்பது தலைவரின் விருப்பம். சுமை தூக்கவும் இப்படியே ஆள் பிடித்தார்கள். போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து வடக்கே எனுகு நிலக்கரிச் சுரங்கத்துக்கு 1913க்குப் பிறகு ரயில் பாதை போட்டபோதும் ஆட்களைத் திரட்டிக் கொடுத்தவர்கள் இந்தத் தலைவர்களே. பெண்கள் குறிப்பாக ஒரு கொடுமையைச் சொன்னார்கள்: தலைவர்கள் முழுப் பரிசப் பணம் கொடுக்காமலேயே, விருப்பமும் கேட்காமல், பெண்களை மனைவியாக எடுத்துக்கொண்டார்கள்.

1914இல் வடக்கு, தெற்கு நைஜீரியாக்கள் ஒன்றாக்கப்பட்டன. அதைச் செய்த ஆளுநர் ஃபிரெடரிக் லுகார்டு 1858இல் சென்னையில் பிறந்தவர். வடக்கே சொகோட்டோ கலீபகத்தின் எமீர்கள் என்ற முஸ்லிம் ஆட்சியாளர்களைக் கொண்டு ஆட்சி நடத்திப் பழகிய அவர், அதே வார்ப்பைத் தெற்கிலும் பொருத்த முயன்றார். எமீருக்குக் கீழே நூறாண்டுகால வரிமுறை, நீதிபதிகள், எழுத்தர்கள் என்று ஓர் அரசு இயந்திரமே இருந்தது. ஒலொக்கோ போன்ற ஊரில் இருந்தது ஒரு தாளும் ஒரு தொப்பியும். 1914இன் சுதேசி நீதிமன்றச் சட்டம் இன்னொன்றையும் செய்தது. சுதேசி நீதிமன்றத்தில் மாவட்ட அதிகாரி தலைமை வகித்து உட்காரும் வழக்கத்தை அது எடுத்துவிட்டது. இருந்த ஒரே மேற்பார்வையும் இப்படித் தளர்ந்தபோது, எழுத்தரும் தலைவரும் விரும்பியதே தீர்ப்பானது.

இதையெல்லாம் அரசு அறியாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. 1922இல் கிரையர், அடுத்த ஆண்டு டாம்லின்சன் என்று இரண்டு மூத்த அதிகாரிகள் சுற்றிப் பார்த்து, இந்த முறை மக்களிடம் வேர் பிடிக்கவில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். 1925இல் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஊர் ஊராகப் போய், முற்றங்களையும் சந்தைகளையும் பெருக்கி, ஆடிப் பாடி, பழைய வழக்கங்களுக்கும் பழைய நாணயத்துக்கும் திரும்பச் சொன்னார்கள். அந்த ஆட்ட இயக்கம் பெண்டே, ஒகிக்வே பகுதிகளைக் கடந்து பரவியது. கோப்பில் அது விநோதமான ஒரு நிகழ்ச்சியாகப் பதிவாகி மூடப்பட்டது. நான்கே ஆண்டுகளில் அதே ஊர்களின் பெண்கள் மீண்டும் எழுந்தபோது அதிகாரிகள் திகைத்தார்கள். அந்தத் திகைப்பை என்னால் ஏற்க முடியவில்லை. எச்சரிக்கை அவர்கள் மேசைக்கே வந்திருந்தது.

எண்ணிக்கை

கிரையர், டாம்லின்சன் அறிக்கைகளைச் செயல்படுத்துவதற்கு முன்பே, தென்கிழக்கு மாகாணங்களில் நேரடி வரி விதிக்க அரசு முடிவுசெய்தது. 1926, 1927இல் ஆண்களை எண்ணினார்கள். பல இடங்களில் அது மக்கள்தொகைக் கணக்கு என்றே சொல்லப்பட்டது. அடுத்து வரி வந்தது. 1928இல் ஆண்கள் கட்டினார்கள். வாரி மாகாணத்தில் கலகம் நடந்தது, மற்ற இடங்களில் முணுமுணுப்போடு வசூல் முடிந்தது. இதிலிருந்து ஊர்ப் பெண்கள் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள்: எண்ணினால் பின்னாலேயே வரி வரும்.

வரி கட்டியது ஆண்கள் என்றாலும் பணத்தில் ஒரு பங்கு பெண்களின் உழைப்பிலிருந்து வந்தது. செம்பனைக் குலையை வெட்டி இறக்குவது ஆணின் வேலை. பழத்தை வேகவைத்து, இடித்து, பிழிந்து எண்ணெய் எடுப்பது பெண்ணின் வேலை. எண்ணெய் விற்ற காசு பெரும்பாலும் கணவனுக்கு, கொட்டையை உடைத்து எடுத்த பருப்பு மனைவிக்கு. அந்தப் பருப்புக் காசில்தான் உப்பு, மீன், பிள்ளைகளின் தேவை எல்லாம். 1929இல் எண்ணெய் விலையும் பருப்பு விலையும் சரிந்தன. இறக்குமதிப் பொருள்கள் மீது தீர்வை கூடியது. உள்ளூர்ச் சந்தையில் மனில்லா என்ற உலோக வளையங்கள்தான் நாணயம். வரிக்கு ஷில்லிங் வேண்டும். மாற்றும்போது இன்னொரு நட்டம்.

இந்த நேரத்தில் பெண்டேக்குத் தற்காலிகப் பொறுப்பேற்க வந்தவர் கேப்டன் குக். முந்தைய வரிப் பதிவேடுகள் குறைபாடானவை என்று கண்டு, முறையாகத் திருத்த நினைத்தார். ஆண்களின் பெயர் மட்டும் போதாது. மனைவியர், பிள்ளைகள், ஆடு, மாடு எல்லாவற்றையும் எழுதித் தரும்படி வாரண்ட் தலைவர்களிடம் சொன்னார். பெண்களுக்கு வரி போடும் திட்டம் எதுவும் அரசிடம் அப்போது இல்லை. ஆனால் 1926இலும் இப்படித்தான் சொன்னார்கள்.

ஒகூகோ தானே வீடு வீடாகப் போகவில்லை. மிஷன் பள்ளி ஆசிரியரான மார்க் எமெருவாவை அனுப்பினார். நவம்பர் பிற்பகுதியில் ஒரு நாள் எமெருவா ஒரு வளாகத்துக்குள் நுழைந்தபோது, நுவான்யெருவா என்ற பெண் செம்பனைப் பழம் பிழிந்துகொண்டிருந்தார். வயதானவர், கணவரை இழந்தவர். ஆடுகளையும் ஆட்களையும் எண்ணிச் சொல் என்றார் எமெருவா. “உன் அம்மாவை எண்ணினார்களா?” என்று திருப்பிக் கேட்டார் நுவான்யெருவா. எமெருவாவின் தாயும் கணவரை இழந்தவர். ஆகவே அந்தக் கேள்வி நேராகப் போய்த் தைத்தது. வாக்குவாதம் கைகலப்பானது. எண்ணெய் பிசுபிசுத்த கைகளோடு ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு ஊர்ப் பெண்கள் இதே வரிப் பேச்சை விவாதிக்கக் கூடியிருந்தார்கள். நுவான்யெருவா அங்கே ஓடினார். பிறகு நடந்தவை வேகமானவை, ஆனால் ஒழுங்கானவை. செம்பனையின் பச்சை ஓலைக் கீற்று ஊர் ஊராகப் போனது. வாங்கியவர் இன்னொரு கீற்றைப் பிரித்து அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டும், தானும் புறப்பட வேண்டும். சந்தைகள் எட்டு நாள், நான்கு நாள் சுழற்சியில் இணைந்திருந்ததால் செய்திக்குத் தனியாக வழி தேட வேண்டியிருக்கவில்லை. சில நாட்களில் ஒலொக்கோவில் ஆயிரக்கணக்கான பெண்கள். இடையில் சிறு துணி, முகத்தில் கரி, தலையில் பெரணி இலை, கையில் இளம் ஓலை சுற்றிய கோல். எல்லோரும் ஒகூகோவின் முற்றத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

இரவெல்லாம் பாட்டும் ஆட்டமும் நடந்தன. ஒகூகோவின் ஆட்கள் பெண்களைத் தாக்கினார்கள். காயம்பட்ட பெண்களோடு கூட்டம் பெண்டேக்கு நடந்தது. பெண்களைத் தொடக்கூடாது என்ற பழைய கட்டுப்பாட்டை மீறியவர் ஒகூகோ. ஊர் முறைப்படி பார்த்தால் வரியைவிடப் பெரிய குற்றம் இது.

இக்கோனியா, நுவன்னெடியா, நுவுகோ என்ற மூவர் ஒலொக்கோவின் சார்பில் அதிகாரிகளிடம் பேசினார்கள். கொந்தளித்த கூட்டத்தை அடக்கி வைத்ததும் அவர்களே. பெண்களுக்கு வரி இல்லை என்பதை அதிகாரியின் வாய்ச்சொல்லோடு விடவில்லை, எழுத்தில் கேட்டு வாங்கினார்கள். ஒகூகோ கைதாகி, பீதி பரப்பியதற்கும் பெண்களைத் தாக்கியதற்கும் இரண்டாண்டு சிறைத்தண்டனை பெற்றார். முகப்பில் சொன்ன தொப்பி அந்த நாட்களில்தான் பறந்தது. ஒலொக்கோவைப் பொறுத்தவரை பெண்கள் கேட்டதெல்லாம் கிடைத்தது, ஓர் உயிர்கூடப் போகவில்லை.

தெற்கே நடந்தது

செய்தி பரவியபோது மற்ற ஊர்களும் தங்கள் தலைவர்களின் தொப்பியைக் கேட்கத் தொடங்கின. ஓவெரி, கலபார் மாகாணங்களில் ஆறாயிரம் சதுர மைல் பரப்பு, இருபது லட்சம் மக்கள் வாழும் பகுதி. பதினாறு சுதேசி நீதிமன்றங்கள் தாக்கப்பட்டன, பெரும்பாலானவை இடிக்கப்பட்டோ எரிக்கப்பட்டோ போயின. தாக்கப்பட்ட கட்டடங்களைப் பார்த்தாலே பெண்களின் நோக்கம் தெரியும். வாரண்டும் சம்மனும் அபராதமும் எங்கிருந்து வந்தனவோ அங்கேதான் போனார்கள். அபா நகரில் டிசம்பர் 11ஆம் தேதி மருத்துவ அதிகாரி ஒருவரின் கார் மோதி இரண்டு பெண்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகே அங்கே ஐரோப்பிய நிறுவனக் கடைகளும் வங்கியும் சிறையும் தாக்கப்பட்டன. அரசு முழு நிகழ்வுக்கும் ‘அபா கலவரம்’ என்று பெயரிட்டது. இக்போ மக்கள் பெண்கள் போர் என்கிறார்கள், அண்டை இனத்தவரான இபிபியோ மக்களும் அப்படியே.

இபிபியோ பகுதியில் படை வந்தது. உட்டு எட்டிம் எக்போவில் இயந்திரத் துப்பாக்கி சுட்டதில் பதினெட்டுப் பெண்கள் செத்தார்கள். டிசம்பர் 16ஆம் தேதி ஒபோபோவில், ஆற்றங்கரையில் இருந்த அரசு அலுவலக வேலியருகே பெண்கள் மாவட்ட அதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கு வரி இல்லை, உடைமைகள் எண்ணப்படமாட்டா என்பன போன்ற உறுதிகளை அவர் எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தார். ஒவ்வோர் ஊருக்கும் காட்ட வேண்டும், தனித்தனி நகல் வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு தாள் ஓர் ஊரையே ஆள முடியும் என்பதை முப்பது ஆண்டுகளாகப் பார்த்தவர்கள், தங்களுக்கும் ஒரு தாள் கேட்டதில் என்ன வியப்பு? கூட்டம் நெருக்கியது, வேலி அசைந்தது, படையின் அதிகாரி சுட உத்தரவிட்டார். முப்பதுக்கும் மேற்பட்ட பெண்களும் ஓர் ஆணும் அங்கே இறந்தார்கள்.

மொத்தத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், ஏறத்தாழ அனைவரும் பெண்கள். எதிர்த் தரப்பில் ஒருவர்கூடக் கொல்லப்படவில்லை. பிறகு கூட்டு அபராதச் சட்டத்தின் கீழ் ஊர்களுக்குத் தண்டம் போட்டு, வீடுகளை எரித்து ‘அமைதி’ கொண்டுவந்தார்கள்.

விசாரணை

1930 ஜனவரியில் இரண்டு அதிகாரிகள் அடங்கிய முதல் விசாரணைக்குழு, சுட்டது சரி என்ற முடிவுக்கு வந்தது. லாகோஸ் பத்திரிகைகளும் லண்டனும் அதை ஏற்கவில்லை. தலைமை நீதிபதி டொனால்டு கிங்டன் தலைமையில் இரண்டாவது குழு மார்ச்சில் அமர்ந்தது. அதில் கிட்டோயி அஜாசா, எரிக் ஒலாவோலு மூர் என்ற இரண்டு லாகோஸ் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். பெண் ஒருவர்கூட இல்லை.

இருந்தாலும் அந்தக் குழு பதிவுசெய்த சாட்சியங்கள் பெரும் செல்வம். எழுத்தறியாத கிராமத்துப் பெண்கள் ஆட்சியைப் பற்றித் தங்கள் வாயால் சொன்னது இவ்வளவு விரிவாக அந்தக் கால ஆப்பிரிக்காவில் வேறெங்கும் கிடைப்பது கடினம். காய்க்கும் மரங்கள் நாங்கள், விதை சுமக்கும் பெண்களை எதற்காக எண்ண வேண்டும் என்று ஒருவர் கேட்டார். புதிய தலைவர்கள் லஞ்சம் வாங்குகிறார்கள், எண்ணெய்க்கும் பருப்புக்கும் காசு வருவதில்லை, சந்தைக்குக் கொண்டுபோகும் ஆட்டையும் வள்ளிக்கிழங்கையும் சீருடைக்காரர்கள் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்றார்கள் வேறு சிலர். சுதேசி நீதிமன்றங்களில் பெண்களும் உட்கார வேண்டும் என்று கேட்டார்கள். மாவட்ட அதிகாரியாக ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. 1930இல், பிரிட்டனிலேயே எல்லாப் பெண்களுக்கும் ஆண்களுக்கு இணையாக வாக்குரிமை வந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்தபோது, இந்தக் கிராமத்துப் பெண்கள் இதைக் கேட்டார்கள் என்பதைப் படிக்கும்தோறும் மலைக்கிறேன்.

கிங்டன் குழு ஒபோபோ போன்ற இடங்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டை விமர்சித்தது. வாரண்ட் தலைவர்கள் மீதான வெறுப்பையும் நீதிமன்ற ஊழலையும் ஒப்புக்கொண்டது.

அதன் பிறகு சீர்திருத்தம் வந்தது. 1931இல் ஆளுநரான டொனால்டு கேமரன் வாரண்ட் முறையைக் கைவிட்டார். ஒவ்வொரு குலப்பகுதியின் பழைய ஆட்சிமுறையை விசாரித்து எழுதும்படி இளம் அதிகாரிகள் ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட அறிக்கைகள் தயாராயின. 1933இன் புதிய சட்டங்கள், ஒரு தலைவருக்குப் பதிலாக ஒவ்வொரு குடும்பக் கிளையும் ஆளை அனுப்பும் பெரிய அமர்வுகளை அமைத்தன. ஓரிரு நீதிமன்றங்களில் பெண்களுக்கும் இடம் கிடைத்தது.

முன்னேற்றம்தான். ஆனால் நான் இந்தச் சீர்திருத்தத்தை அதன் ஆதரவாளர்கள் மதிப்பிட்ட அளவுக்கு உயர்வாக மதிப்பிடவில்லை. அதிகாரிகள் மரபை விசாரித்தபோது பேசியது பெரும்பாலும் மூத்த ஆண்களிடம். உமுவாடா, மனைவியர் கூட்டம், சந்தைத் தீர்ப்பு ஆகியவை அறிக்கைகளில் ஓரமாக வந்தன, அல்லது வரவே இல்லை. புதிய நீதிமன்றங்கள் தண்டிக்கும் உரிமையைத் தங்களுக்கே வைத்துக்கொண்டதால், பெண்கள் ஓர் ஆணின் முற்றத்தில் கூடி உட்காருவது சட்டவிரோதமானது. எந்தக் கருவியைக் கொண்டு வாரண்ட் தலைவரைப் பணியவைத்தார்களோ, அதுவே சீர்திருத்தத்தில் பறிபோனது. ஒலொக்கோ நிகழ்வில் என்னை மிகவும் வருத்தும் பகுதி இதுதான், துப்பாக்கிச் சூட்டுக்கு அடுத்தபடியாக.

மீண்டும் தலைவர்கள்

1950களில் கிழக்குப் பிராந்தியம் சுயாட்சியை நெருங்கியபோது, வடக்கிலும் மேற்கிலும் இருப்பதுபோலத் தங்களுக்கும் தலைவர்கள் சபை வேண்டும் என்று அரசியல்வாதிகள் கேட்டார்கள். முன்னாள் மாவட்ட அதிகாரியும் மானுடவியலாளருமான ஜி. ஐ. ஜோன்ஸ் அதை விசாரித்தார். சுதந்திரத்தை ஒட்டிக் கிழக்கிலும் சபை அமைந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் கிளர்ச்சியில் விழுந்த பதவிக்கு இப்போது இக்போ அரசியல் தலைமையே இடம் தேடியது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியது: மற்ற இரு பிராந்தியங்களின் மன்னர்களோடு சமமாக உட்கார யாராவது வேண்டியிருந்தது.

பிறகு போர். நைஜீரியாவிலிருந்து பிரிய முயன்ற கிழக்குப் பகுதியான பியாஃப்ராவின் கடைசிக் காலத் தலைநகரங்களில் ஒன்றாகப் பெண்டேக்கு அருகிலுள்ள உமுவாஹியா இருந்தது. 1970இல் போர் முடிந்து, 1976இல் ராணுவ அரசு நாடு முழுவதற்கும் ஒரே உள்ளாட்சி அமைப்பைக் கொண்டுவந்தது. மரபுத் தலைவர்களுக்கென்று ஒரு மன்றமும் அதில் அடக்கம். தலைவர்கள் இருந்தாக வேண்டும் என்றானது. இக்போ மாநிலங்கள் ‘தன்னாட்சிச் சமூகம்’ என்ற அலகை வகுத்தன. ஒவ்வொரு சமூகமும் எஸே என்ற மரபுத் தலைவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அரசிடம் முன்வைக்க வேண்டும். அரசு அங்கீகாரச் சான்றிதழும் பதவிக் கோலும் கொடுக்கும். அங்கீகாரத்தைத் திரும்பப் பெறும் அதிகாரமும் அரசுக்கு உண்டு.

எஸேக்களை வாரண்ட் தலைவர்களோடு அப்படியே சமமாக்குவது நியாயம் ஆகாது. இவர்கள் ஊரால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள், கூலியில்லா வேலைக்கு ஆள் பிடிப்பதில்லை, நீதிமன்றம் அவர்கள் கையில் இல்லை. பல ஊர்களில் பள்ளி, சாலை, மருத்துவமனை என்று அரசிடம் போராடிக் கேட்டு வாங்குபவர்கள் அவர்களே. ஆனாலும் பதவியின் இறுதி ஆதாரம் இன்னும் ஓர் அரசு அலுவலகத்தில் கையெழுத்தாகிறது. அதனால் போட்டியும் அந்த அலுவலகத்தைச் சுற்றியே நடக்கிறது. ஒரு சமூகம் இரண்டாகப் பிரிந்தால் இரண்டு எஸே பதவிகள் கிடைக்கும் என்பதால் பிரிவினை மனுக்கள் ஓயவில்லை. இமோ மாநிலத்திலும், 1991இல் அதிலிருந்து பிரிந்த அபியாவிலும் தன்னாட்சிச் சமூகங்களின் எண்ணிக்கை பல நூறாகிவிட்டது. ஒலொக்கோ இப்போது அபியாவின் இக்வுவானோ உள்ளாட்சிப் பகுதியில் இருக்கிறது.

இந்தத் தகராறுகள் உயர்நீதிமன்றம்வரை போகும்போது, எந்தக் குடும்பம் மூத்தது, எந்த ஊருக்குத் தலைமை உரிமை என்பதற்கான சான்றாக வழக்கறிஞர்கள் முன்வைப்பவற்றில் 1930களின் அந்த அறிக்கைகளும் உண்டு. பெண்கள் எழுந்ததால் எழுதப்பட்டவை அவை. சில மாத விசாரணையில், மொழிபெயர்ப்பாளர் துணையோடு, மூத்த ஆண்கள் சொன்னதைக் கேட்டு எழுதியவை. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, நீதிமன்றத்தில் அவையே மரபு என்ன என்று சொல்கின்றன. கிங்டன் குழுவின் முன் பெண்கள் சொன்ன சாட்சியங்களும் அதே காலத்தவை, அதே ஊர்களைப் பற்றியவை, அவையும் அச்சிலேயே இருக்கின்றன. தலைமை உரிமை பற்றிய வழக்குகளில் அவற்றையும் சான்றாக எடுத்து வைக்க வேண்டும்.